மழையை அளப்பது யாருக்காக?

விஞ்ஞானம் எதை அளக்கிறது என்ற கேள்விக்குப் பாடநூல் விடை தரும். யாருக்காக அளக்கிறது என்ற கேள்விக்கு வாழ்க்கைதான் விடை தரவேண்டும். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து சிந்திக்க வேண்டியது இந்த இரண்டாவது கேள்வியையே.

ஹவாய்த் தீவின் கிலவேயா எரிமலை 1983 முதல் 2018 வரை ஏறத்தாழ ஓயாது கனன்றது. அது கக்கிய கந்தகவீரொட்சைட்டு காற்றின் ஈரத்தோடு கூடி, அமிலமாகி மழையில் இறங்கிற்று. சாதாரண மழைநீரும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைப்பதால் சிறிது அமிலத்தன்மை உடையதே; அதன் பீ.எச். பெறுமானம் 5.6 அளவில் இருக்கும். எரிமலைப் புகை கலந்தால் இது மேலும் குறையும். அத்தீவில் கூரைநீரைத் தொட்டியில் சேர்த்துக் குடிப்போர் பலர். 1980களின் பிற்பகுதியில் அந்நீரைச் சோதித்தபோது, கூரையிலும் குழாயிலும் இருந்த ஈயத்தை அமில மழை கரைத்துக் குடிநீரில் சேர்த்திருந்தது தெரியவந்தது.

நமது நாட்டில் எரிமலை இல்லை. ஆனால் மலை உண்டு, பெருமழை உண்டு, இரண்டுக்கும் அடியில் லயம் உண்டு. கேகாலை மாவட்டத்துப் புளத்கொகுபிட்டியவின் தோட்ட மக்களுக்கு மழை என்பது வயிற்றுக் கணக்கு. ரப்பர் மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை; பால்வெட்டு இல்லையேல் பேர் இல்லை. தோட்டக் கந்தோரில் மழைமானி வைத்து நாள்தோறும் ஏட்டில் பதிவது வெள்ளைத் துரைமார் காலத்து வழக்கம். அந்த ஏடு விளைச்சலைக் கணிக்க உதவிற்று. லயத்துக்கு அது என்ன சொல்லிற்று?

2016 மே 17ஆந் திகதி, பல நாள் மழையில் ஊறிய மலை, களுப்பஹன தோட்டத்து லயத்தின்மேல் சரிந்தது. பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் மண்ணுள் போயின. அதே நாளில் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோரை விழுங்கிற்று.

நகரங்களில் காற்றின் மாசைச் சோதிக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமே மண்சரிவு எச்சரிக்கையும் விடுக்கிறது. 24 மணி நேரத்தில் மழை 75 மி.மீ. ஆனால் விழித்திரு, 100 ஆனால் ஆயத்தமாகு, 150 ஆனால் வெளியேறு என்பது அதன் பொதுக் கணக்கு.

இக்கணக்கை எடுத்துக்கொண்டு, மாணவர் சிலருடன் அப்பகுதித் தோட்டமொன்றுக்கு நாம் சென்றோம். நேரான போத்தலின் கழுத்தை வெட்டி, அடிமட்டத்தை ஒட்டி, எளிய மழைமானி செய்து காட்டினோம். தகரக் கூரையிலிருந்து வடிந்த நீரை வண்ணத்தாளில் சோதித்து நிறமாற்றத்தையும் விளக்கினோம். பிள்ளைகள் ஆவலோடு சூழ்ந்துகொண்டனர். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்த தாய் ஒருத்தி கேட்டாள்: "நூத்தம்பது ஆச்சுன்னா போகச் சொல்றீங்க, சரி. போயி எங்கங்கய்யா இருக்கிறது?"

எம்மிடம் விடை இல்லை. எமது போத்தலிலும் இல்லை.

நீரில் ஈயம் இருப்பதை அறிந்த ஹவாய் வீட்டுக்காரன் தன் கூரையை மாற்றிக்கொள்ளலாம்; அது அவனுடையது. லயத்துத் தொழிலாளிக்கோ கூரையும் சொந்தமில்லை, கூரை நிற்கும் நிலமும் சொந்தமில்லை. தலைமுறை தலைமுறையாக மலையைப் பொன்னாக்கியவர்களுள் பெரும்பாலோருக்கு இன்றும் ஒரு துண்டு நிலத்துக்கு உறுதி கிடையாது. ஆபத்தை அறிந்தும் விலக வழியற்றவனுக்கு அறிவே இன்னொரு சுமையாகிவிடாதா?

அதனால் அளவைக் கைவிடலாகாது. ஒவ்வொரு லயத்திலும் ஒரு மழைமானி நிற்கட்டும். அதன் கணக்கைத் தொழிலாளர் பிள்ளைகளே தமிழில் எழுதி வைக்கட்டும். அந்த ஏடு கந்தோருக்குள் முடங்காமல், பாதுகாப்பான நிலமும் வீடும் கேட்கும் மனுவோடு இணைந்து செல்லட்டும். மழைமானியைப் படிக்கக் கற்பிக்கும் ஆசிரியர், அந்த மனுவை எழுதவும் கற்பிக்கவேண்டும்.