துபாயில் ஓர் ஐரிஷ் திண்ணை!

துபாய் விமான நிலையத்தில் இறங்கி டாக்ஸி பிடித்தால், கர்ஹூத் பகுதிக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகாது. அங்கே டென்னிஸ் ஸ்டேடியத்தை ஒட்டி 'தி ஐரிஷ் வில்லேஜ்' என்று ஒரு பப் இருக்கிறது. வெளியே அனல் பறக்கும் வெயில். உள்ளே கால் வைத்தால், எந்நேரமும் மழை தூறும் ஏதோ ஒரு கிராமத்துக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். பழைய கடைத்தெரு போன்ற முகப்பு, மர பெஞ்சுகள், மங்கலான வெளிச்சம். வெளிப்பக்கம் பெரிய முற்றம், ஒரு குளம், அதில் வாத்துகள். தலைக்கு மேலே அடிக்கொரு தரம் விமானம் போகும்.

'பப்' என்றதும் முகம் சுளிக்கிறீர்களா? நியாயம்தான். நம் ஊரில் பார் என்றால், பெண்கள் அந்தப் பக்கம் திரும்பாமல் வேகமாக நடந்து கடக்கிற இடம். ஆனால் 'பப்' என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். பொது வீடு என்று பொருள். கிட்டத்தட்ட நம் திண்ணை மாதிரி. யாரும் வந்து உட்காரலாம், யாரும் 'ஏன் வந்தாய்' என்று கேட்க மாட்டார்கள். நான்கு வருடம் துபாயில் வேலை பார்த்த எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. ஆனாலும் மாதத்தில் இரண்டு முறையாவது அங்கே போய், ஒரு லெமனேடை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பேன்.

பாலைவனத்தில் எதற்கு ஐரிஷ் கிராமம்? அதற்கு ஒரு கதை இருக்கிறது. 1947-ல் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் பிரெண்டன் ஓ'ரீகன் என்பவர் ஒரு கடை திறந்தார். உலகின் முதல் விமான நிலைய ட்யூட்டி ஃப்ரீ கடை அதுதான். 1983-ல் துபாய் தன் விமான நிலையத்தில் அப்படி ஒன்று வேண்டும் என்று நினைத்தபோது, தொழில் தெரிந்தவர்களை அயர்லாந்திலிருந்துதான் வரவழைத்தது. சில மாத வேலைக்கு என்று வந்த அந்தச் சிறு குழுவில் ஒருவர் கோல்ம் மெக்லாக்லின். வந்தவர் திரும்பவில்லை. துபாய் ட்யூட்டி ஃப்ரீயை 2024 வரை அவர்தான் நடத்தினார். அந்த நிறுவனம் 1996-ல் திறந்ததுதான் இந்த ஐரிஷ் வில்லேஜ். 'ரெண்டு வருஷம் இருந்துட்டு வந்துடறேன்' என்று சொல்லிப் போய், தலை நரைத்த பிறகும் வளைகுடாவிலேயே இருக்கும் நம் சித்தப்பா, பெரியப்பாக்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

அங்கே கூடுகிறவர்களில் ஐரிஷ்காரர்கள் சொற்பம் என்பதுதான் எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், தென்னாப்பிரிக்கர், பிலிப்பைன்ஸ் நர்ஸுகள், மலையாளிகள், நம் ஆட்கள், குழந்தைகளோடு சாப்பிட வரும் குடும்பங்கள்... அயர்லாந்தை வரைபடத்தில்கூடப் பார்த்திராதவர்களுக்கு அந்த இடத்தில் என்ன கிடைக்கிறது?

கொஞ்சம் கவனித்தால் புரியும். ஓட்டலில் தனியாகச் சாப்பிடப் போனால், எதிரே காலி நாற்காலி நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பப் கவுன்ட்டரில் அந்தச் சங்கடம் இல்லை. எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து, தோளோடு தோள் உட்காருகிறார்கள். பேச விரும்பினால் பேசலாம், இல்லையென்றால் டி.வி-யைப் பார்க்கலாம். பழைய ஐரிஷ் பப்களில் 'ஸ்னக்' என்று மரத்தடுப்பு வைத்த குட்டி அறை ஒன்று இருக்கும். அந்தக் காலத்தில் பெண்களும் பாதிரியார்களும் போலீஸ்காரர்களும் ஊர் கண்ணில் படாமல் உட்காருவதற்கான இடம் அது. தனிமை வேண்டியவனுக்குத் தனிமை, துணை வேண்டியவனுக்குத் துணை. இரண்டும் ஒரே கூரையின் கீழ்.

அரட்டைக்கு ஐரிஷ்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'கிராக்'. 'நேத்து செம கிராக்' என்றால், பேச்சும் சிரிப்பும் பிரமாதம் என்று அர்த்தம். முதல் தடவை கேட்டபோது யாரையோ திட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். இன்னொன்று 'ரவுண்டு'. நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், ஒவ்வொருவரும் முறை வைத்து நால்வருக்கும் வாங்க வேண்டும். முன்பின் தெரியாதவன் வாங்கிக் கொடுத்ததைக் குடித்துவிட்டால், நம் முறை வரும்வரை எழுந்து போக முடியாது. புதிதாக ஊருக்கு வந்தவனுக்கு ஒரு மணி நேரத்தில் மூன்று சிநேகிதர்களைச் சம்பாதித்துக் கொடுப்பது இந்தக் கணக்குதான். ஒரு கிளாஸோடு நிறுத்த நினைத்தவனை நான்கு கிளாஸ் குடிக்க வைப்பதும் இதே கணக்குதான்.

இந்த வீட்டைக் கட்டியவர்கள் யார் என்று பார்த்தால், கதை துபாயிலிருந்து லண்டனுக்குப் போகிறது.

1841-ல் அயர்லாந்துத் தீவின் மக்கள்தொகை 80 லட்சத்துக்கும் மேல். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பட்டினியாலும் காய்ச்சலாலும் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். அதே அளவுக்கு, அல்லது அதற்கும் மேலானவர்கள், கப்பலேறினார்கள். அன்று தொடங்கிய புலம்பெயர்வு நூறு வருடங்களுக்கு மேல் ஓயவில்லை. தீவின் இன்றைய மக்கள்தொகைகூட 1841-ன் எண்ணிக்கையை எட்டவில்லை. 30 லட்சத்துக்கும் குறைவான ஜனங்கள் இருந்த அயர்லாந்துக் குடியரசிலிருந்து, 1950-களில் மட்டும் சுமார் 4 லட்சம் பேர் வெளியேறினார்கள். பெரும்பாலோர் போனது இங்கிலாந்துக்கு. பெண்கள் ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போனார்கள். ஆண்கள் சாலை போடவும், குழி தோண்டவும், கட்டடம் கட்டவும் போனார்கள்.

லண்டனில் அவர்களுக்குக் கிடைத்தது, ஒரு அறையில் நான்கைந்து கட்டில். வீட்டுக்காரம்மாவுக்கு அவர்கள் தூங்க மட்டும் வந்தால் போதும். வேலை முடிந்து, குளிரில், எங்கே போவது? பப்தான் அவர்களுக்குக் கூடம். ஊர்க்காரன் யார் புதிதாக வந்திருக்கிறான், எந்த சைட்டில் ஆள் எடுக்கிறார்கள், எங்கே கட்டில் காலியாக இருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். விடிவதற்கு முன்பே கேம்டன் டவுன், கிரிக்கிள்வுட் தெருக்களில் வரிசையாக நிற்பார்கள். லாரியோடு வரும் மேஸ்திரி, 'நீ வா, நீ வா' என்று கை காட்டியவனுக்கு அன்றைக்கு வேலை.

இசைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அயர்லாந்துக்குச் சுற்றுலா போகிறவர்கள், பப்பின் மூலையில் ஃபிடிலும் புல்லாங்குழலும் போட்ரான் என்ற தோல் பறையும் சேர்ந்து ஒலிப்பதைக் கேட்டு, காலங்காலமாக வரும் வழக்கம் என்று பூரித்துப் போகிறார்கள். இசை பழையதுதான். ஆனால், அந்த ஊரில் அதை வாசித்தது பெரும்பாலும் வீட்டு அடுப்படியிலும் விசேஷங்களிலும். லண்டன் வாடகை அறையில் ஃபிடிலை எடுத்தால் பெட்டியோடு வெளியே தள்ளிவிடுவார்கள். அதனால், 1940-களின் பிற்பகுதியில் கென்டிஷ் டவுன், கேம்டன் டவுன் பப்களில் கூடி வாசிக்கத் தொடங்கினார்கள். அந்தப் பழக்கம்தான் பிறகு தாய்நாட்டுக்குக் கப்பலேறியது. ஊரை விட்டு வந்தவர்கள் உண்டாக்கியதை, ஊர் தன்னுடையதாக எடுத்துக்கொண்டது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்லாமல் விட்டால், அது பாதி உண்மைதான். அந்தத் தொழிலாளிகளில் பலருக்கு வங்கிக் கணக்கு கிடையாது. கூலி காசோலையாக வந்தால், அதைப் பணமாக்க பப்புக்குத்தான் போக வேண்டும். சில முதலாளிகள் அதற்கும் கமிஷன் பிடித்தார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு குடிக்காமல் திரும்ப முடியுமா? மறுநாள் லாரியில் ஏற்ற வேண்டிய மேஸ்திரியும் அங்கேதான் உட்கார்ந்திருப்பான். அவனுக்கும் ஒன்று வாங்கித் தர வேண்டும். ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் இப்படியே கரைந்தது. பணம் இல்லாமல் எந்த முகத்தோடு ஊருக்குப் போவது என்று ஒரு வருடம் தள்ளிப் போட்டவர்கள், பத்து வருடம், முப்பது வருடம் தள்ளிப் போட்டார்கள். கல்யாணம் இல்லை, கடிதம் இல்லை. தேவாலயமும் தொண்டு அமைப்புகளும் கேம்டனில் அவர்களுக்காகவே ஒரு மையம் திறக்க வேண்டிவந்தது. அவர்களைக் காப்பாற்றியதும் கைவிட்டதும் ஒரே கூரைதான்.

குடிக்காத ஐரிஷ்காரர்களும் ஏராளம். 1898-ல் டப்ளினில் ஒரு பாதிரியார் தொடங்கிய 'பயனியர்' இயக்கத்தில் சேர்ந்தவர்கள், வாழ்நாள் முழுக்க மது தொடுவதில்லை என்று சத்தியம் செய்து சட்டையில் ஒரு சின்ன பின் குத்திக்கொள்வார்கள். அந்த பின்னோடு பப்புக்கு வந்து, டீ குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவதில் அவர்களுக்கு எந்தத் தயக்கமும் இருந்ததில்லை.

பிறகு டி.வி வந்தது. 1990 உலகக் கோப்பையில் அயர்லாந்தும் நெதர்லாந்தும் மோதிய அதே நேரத்தில், இங்கிலாந்தும் எகிப்தும் விளையாடின. இங்கிலாந்து சேனல்கள் எதைக் காட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. லண்டனில் இருந்த இரண்டு ஐரிஷ் இளைஞர்கள், ஈலிங்கில் ஒரு நடன அரங்கை எடுத்து, தங்கள் நாட்டு ஆட்டத்தைத் திரையில் காட்டினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 'செடான்டா' என்ற விளையாட்டு சேனல். வெளிநாட்டு ஐரிஷ் பப்களில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் சேர்ந்ததற்கு இந்த மாதிரி ஒளிபரப்புகள் பெரிய காரணம்.

அதே காலத்தில் கின்னஸ் நிறுவனமும் விழித்துக்கொண்டது. எங்கெல்லாம் ஐரிஷ் பப் இருக்கிறதோ அங்கெல்லாம் தன் கறுப்பு பீர் விற்கும் என்று கண்டுகொண்டு, 1990-களில் பப் திறப்பவர்களுக்குக் கைகொடுத்தது. டப்ளினில் ஒரு கம்பெனி இதற்கென்றே வடிவமைப்பு செய்துகொடுத்தது. கிராமத்துக் குடிசை வேண்டுமா, பழைய மளிகைக் கடை வேண்டுமா, விக்டோரியா காலத்துப் பாணி வேண்டுமா என்று கேட்டு, மரவேலைகளை அயர்லாந்திலேயே செய்து, கன்டெய்னரில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். சுவரில் தொங்கும் துருப்பிடித்த சைக்கிளும் அந்த ஏற்பாட்டில் அடக்கம். இதைக் கேட்டால் சப்பென்று ஆகிவிடுகிறது, இல்லையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சைக்கிள் போலியாக இருக்கலாம். அதன் கீழே உட்கார்ந்து, அம்மாவின் ஆபரேஷனைப் பற்றி யாரென்றே தெரியாத ஒருவனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறவனின் கவலை போலி இல்லை.

அயர்லாந்தின் கிராமங்களிலோ நிலைமை வேறு. 2005-க்குப் பிறகு அங்கே 2,000-க்கும் மேற்பட்ட பப்கள் மூடப்பட்டுவிட்டன. இளைஞர்கள் நகரத்துக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட, மிச்சமிருக்கும் பெரியவர்கள், குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் லைசென்ஸ் போய்விடும் என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

மறுபடி துபாய்க்கு வருகிறேன். ஐரிஷ் வில்லேஜில் ஒரு கிளாஸ் பீரின் விலை, ஒரு கட்டுமானத் தொழிலாளியின் ஒரு நாள் கூலியைத் தின்றுவிடும். அன்று லண்டனில் குழி தோண்டியவர்களின் இன்றைய வாரிசுகள் என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால், அந்த பப்பின் உள்ளே இருக்கும் என்னைப் போன்ற ஏ.சி. அறை ஆசாமிகளைச் சொல்ல முடியாது. சோனாப்பூர் கேம்பிலும் அல் கோஸ் கேம்பிலும் அடுக்குக் கட்டிலில் படுத்திருப்பவர்களைத்தான் சொல்ல வேண்டும். விடிவதற்குள் பஸ்ஸில் ஏற்றப்படும் அவர்களில் நம் ஊர்க்காரர்களும் நிறைய.

அவர்களுக்கும் ஒரு பொது வீடு இருக்கிறது. விடுமுறை நாள் சாயங்காலம் தெய்ராவில் சப்கா பஸ் நிலையத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். மேலே கூரை கிடையாது. நடைபாதை, கடை வாசல், பார்க்கிங் ஓரம், கையில் கரக் டீ. கொஞ்சம் காது கொடுத்தால், இந்த மூலையில் தெலுங்கு, அந்த மூலையில் வங்காளம், எதிர்ப்பக்கம் நம் தமிழ். நான் ஒரு முறை நின்றிருந்த இடத்தில் ஒரு பத்துப் பேர், எல்லோரும் ராமநாதபுரம் பக்கம். ஒருவர் மறுநாள் விடுப்பில் ஊருக்குப் போகிறார். ஆளாளுக்கு ஒரு பொட்டலம் நீட்டினார்கள். சாக்லேட், தைலம், ஒரு பொம்மை கார். 'கிலோ தாண்டுதுடா, போதும்' என்று அவர் கத்த, கடைசியாக வந்த ஒரு பையன் தன் பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். கூட்டத்தில் மூத்தவராக இருந்தவர் தன்னுடைய பேரீச்சம்பழ டப்பாவைப் பையிலிருந்து உருவி வெளியே எடுத்தார். "அவன்ட்டதை வைங்கப்பா, எம்புள்ளைக்கு அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றவர், எல்லோருக்கும் இன்னொரு டீ சொன்னார்.