4 ஜிபி போதும்

எங்கள் வீட்டு மடிக்கணினியின் நினைவகம் 4 ஜிபி. ராத்தாவின் படிப்பு, தம்பியின் பாடம், எனது உயர்தர சூம் வகுப்பு எல்லாம் அதில்தான். பாடத்தின் நடுவே திரை உறைந்துவிடும். "புதுசு வாங்கணுமோ?" என்பார் வாப்பா. மீன்படும் நாளை நம்பி வாழும் பள்ளிவாசல்துறையில் அது சின்னக் கேள்வி அல்ல.

காரணத்தைத் தேடிப் படித்தேன். 2008இல் வெளிவந்த குரோம் உலாவி, திறக்கும் தளங்களைப் பெரும்பாலும் தனித்தனியாக இயக்குகிறது. ஒன்று முடங்கினாலும் மற்றவை தப்பும். அந்தப் பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலைதான் நினைவகம். மற்ற உலாவிகள் பலவும் இன்று இப்படித்தான்.

விண்டோஸ் கணினியில் குரோமைத் திறந்து, ஷிப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால், எந்தப் பக்கம் எவ்வளவு நினைவகத்தை எடுக்கிறது என்ற பட்டியல் வரும். அதைப் பார்த்துத் தேவையற்ற நீட்சிகளை நீக்கினோம். 2022 டிசம்பரில் அறிமுகமான நினைவகச் சேமிப்பு வசதியையும் அமைப்புகளில் இயக்கினோம். நெடுநேரம் பார்க்காத பக்கங்களை அது நினைவகத்திலிருந்து விடுவிக்கும். மறுபடி தொட்டால் பக்கம் திரும்ப ஏறும். அதற்குச் சிறிது டேட்டா செலவாகும், அவ்வளவுதான்.

இப்போது வகுப்பு முன்போல அறுபடுவதில்லை. தோழிகளே, புதுக் கணினி கேட்குமுன், இருப்பதில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எதுவென்று ஒருமுறை பாருங்கள். பெற்றோரின் உழைப்பில் கொஞ்சமாவது மிஞ்சும்.