இரண்டு வருமானம்

சென்னைக்கு வடக்கே சுமார் 55 கி.மீ. தூரத்தில், தடாவுக்கும் சத்தியவேட்டுக்கும் இடையே 2008-ல் எழுந்த ஸ்ரீ சிட்டியில் ஜப்பான் டிரக் முதல் செல்போன் வரை எல்லாம் தயாராகின்றன. ஆலைகளுக்குள் இருப்பவர்களுக்குச் சம்பளச் சீட்டு உண்டு. அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்கு? மெஸ், வேன், டீக்கடை என்று பிழைப்பவர்களுக்கு இரண்டு வருமானம். வரித்துறைக்குக் காட்ட ஒன்று, கடன் கேட்கப் போகும்போது வங்கிக்குச் சொல்ல இன்னொன்று.

சத்தியவேடு பக்கம் மெஸ் நடத்தும் ஒரு பெண்மணிக்கும் அப்படித்தான். நாற்பது பேர், தலைக்கு மாதம் ரூ.3,500. சிலர் செல்போனில் அனுப்புவார்கள், சிலர் ரொக்கம். மாடியில் நாலு அறை கட்டி வாடகைக்கு விடலாம் என்று வங்கிக்குப் போனார். கணக்கில் வரவு நன்றாகவே இருந்தது. "ரிட்டர்ன்ல வருஷ வருமானம் ரூ.2.40 லட்சம்னு இருக்கேம்மா, இதை வச்சு எப்படிக் கடன் தர்றது?" என்றார் மேலாளர். வரி வராத அளவுக்குப் பார்த்து ஆடிட்டர் போட்ட கணக்கு அது.

அடுத்த சில மாதங்களில் போனுக்கு ஒரு தகவல் வந்தது. அவருடைய சேமிப்புக் கணக்கில் அந்த நிதியாண்டில் செலுத்திய ரொக்கம் ரூ.10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அப்படித் தாண்டினால் வங்கியே வருமான வரித்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். வரித்துறைக்குச் சேரும் இம்மாதிரி விவரங்களை 2021 நவம்பர் முதல் 'ஏ.ஐ.எஸ்.' என்ற அறிக்கையில் அவரவரே பார்க்கலாம். முதல் முறையாக அதைத் திறந்தவர், தன்னைப் பற்றி இவ்வளவு தெரிந்த வேறு யாரும் ஊரில் இல்லை என்றார்.

ரூ.11 லட்சத்தில் மெஸ் பணம் நாலுதான். நாலு, மகள் கல்யாணத்து மொய். மூன்று, சீட்டு எடுத்தது. சிறு வியாபாரிகள் விற்றுவரவில் 8 சதவீதம் (வங்கி வழியாக வந்த பணத்துக்கு 6) லாபம் என்று காட்டினால் கணக்குப் புத்தகமே வேண்டாம் என்று சட்டம் சலுகை தந்தது. ஆனால் புத்தகம் வேண்டாம் என்று சொன்ன அதே துறை, இது எங்கிருந்து வந்தது என்று கேட்கும்போது காட்டப் புத்தகம் வேண்டியிருக்கிறது. சீட்டுக்கு வாய்வார்த்தைதான். மொய்க்கு நோட்டு இருக்கிறது. இருந்தும் சிக்கல். திருமணப் பரிசுக்கு வரிவிலக்கு மணமக்களுக்கு மட்டுமே. பெற்றோர் கைக்கு வந்தால் உறவினர் எழுதியது வேறு, ஊரார் எழுதியது வேறு. ஊரார் பணம் ரூ.50,000-க்கு மேல் போனால் அத்தனையும் வருமானம்.

கர்நாடகத்தில் 2025 ஜூலையில் நடந்தது இதைவிடப் பெரிது. அங்கே மாநில வணிகவரித் துறை, யு.பி.ஐ. வரவுகளைப் பார்த்து ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு ஜி.எஸ்.டி. நோட்டீஸ் அனுப்பியது. பொருள் விற்றால் ரூ.40 லட்சம், சேவை என்றால் ரூ.20 லட்சம் என்பது வரம்பு. அண்ணன் தம்பி அனுப்பியதும் கைமாற்றும் விற்பனையோடு சேர்ந்துவிட்டதாகப் புலம்பினார்கள். பெங்களூர்க் கடைகளில் "ரொக்கம் மட்டும்" அட்டைகள் தொங்கின. பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம் என்று முதல்வர் சித்தராமையா சொன்ன பிறகே கொதிப்பு அடங்கியது.

ரொக்கத்துக்கு ஓடி ஒளிவதால் என்ன லாபம்? ரொக்கத்தை வங்கியில் போட்டாலும் வரித்துறைக்குத் தெரியும் என்பதற்குச் சத்தியவேடே சாட்சி. போடாவிட்டால் கடன் கிடைக்காது. புதிய வரிமுறையில் ரூ.12 லட்சம் வரை வரி இல்லை என்று 2025 பட்ஜெட் சொன்ன பிறகு, மெஸ் நடத்துகிறவர் வருமானத்தைக் குறைத்துக் காட்டி மிச்சம் பிடிப்பது ஒன்றுமில்லை. பழக்கம்தான் விடவில்லை. ஆடிட்டர்களுக்கும்.

பழைய ஆண்டுகளுக்குத் திருத்திய கணக்கு கொடுக்க 2022 முதல் வழி உண்டு, கூடுதல் வரியோடு. மெஸ் பெண்மணி அதைத்தான் யோசிக்கிறார். இப்போதைக்கு இரவில் பாத்திரம் கழுவி முடித்ததும் மகளும் அவரும் மொய் நோட்டோடு உட்காருகிறார்கள். மகள் பெயர்களை வாசிக்க, இவர் பென்சிலால் குறிக்கிறார். அத்தை மகன் வீட்டுக்காரரை எந்தப் பக்கம் எழுதுவது என்பதில் நேற்று நின்றுபோனது.