மார்கழியில் மலையேறினால்

ஏற்காட்டைப் பார்க்க நாம் எல்லோரும் சேர்ந்து ஒதுக்கி வைத்திருக்கும் மாதம் மே. கோடை விழா, மலர்க் கண்காட்சி, படகுத் துறையில் வரிசை, விடுதியில் இரட்டை வாடகை, கொண்டை ஊசி வளைவுகளில் முட்டி நிற்கும் வேன்கள் எல்லாம் அந்த மாதத்தில்தான். ஆனால் அப்போது கிளியூர் அருவியில் தண்ணீர் பேருக்குத்தான் விழும். காப்பிச் செடியில் மிளகளவு பச்சைக் காய்தான் இருக்கும். மலை ஓய்ந்து கிடக்கிற நேரமாகப் பார்த்துப் போய்விட்டு, "பெருசா ஒண்ணுமில்லப்பா, ஏழைகளின் ஊட்டி" என்று சொல்லிக்கொண்டே இறங்குகிறோம். மார்கழியில் போய் வந்த பிறகு எனக்கு அந்தப் பட்டப்பெயர் மேலேயே கோபம்.

மார்கழியில் போக நேர்ந்ததற்குக் காரணம் டொராண்டோவில் இருக்கும் என் தம்பி. ப்ளூ மவுண்டனில் அவன் பிள்ளைகள் காலில் பலகை கட்டிக்கொண்டு வெள்ளைச் சரிவில் வழுக்கிப் போகும் வீடியோவைக் குடும்பக் குழுவில் போட்டான். என் மகள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அரையாண்டு விடுமுறைக்கு நாமும் பனிச்சறுக்குக்குப் போகலாம் என்றாள். என் கணவர் ஔலிக்கும் குல்மார்க்குக்கும் விமானக் கட்டணம் பார்த்துவிட்டு செல்போனைக் கவிழ்த்து வைத்தார். தெற்கே ஊட்டியில் உறைபனி உண்டு, விடியற்காலையில் தலைகுந்தாப் பக்கம் புல் வெளுத்துக் கிடக்கும். ஆனால் அந்த விடுமுறைக்கு அறை கிடைக்கவில்லை. அத்தைதான், "எங்க ஊர் மலைக்குப் போலாமே, குளிர்தானே வேணும்?" என்றார். அத்தை பிறந்தது ஆத்தூர்ப் பக்கம். சேர்வராயன் மலையைத் தினமும் பார்த்து வளர்ந்தவர். பார்த்ததோடு சரி, மேலே ஏறியது சொற்பம்.

குரோம்பேட்டையிலிருந்து விடியுமுன் கிளம்பினோம். வண்டி ஓட்டியது நான். மலைப்பாதை என்றால் கணவருக்கு மூன்றாவது வளைவிலேயே வயிற்றைப் புரட்டும். உளுந்தூர்ப்பேட்டை தாண்டி சேலம் சாலையில் திரும்பியதும் மூடுபனி. முன்னால் போகும் கரும்பு லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. கள்ளக்குறிச்சி வரை அதைப் பிடித்துக்கொண்டே போனேன். தலைவாசலில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கித் தியாகனூர் போனால் பெரிய புத்தர் சிலைகளைப் பார்க்கலாம். ஊர்க்காரர்கள் புத்தருக்கு விளக்கேற்றிக் கும்பிடுகிறார்கள். சேலத்தில் தலைவெட்டி முனியப்பனாக வழிபடப்பட்ட சிலை புத்தர்தான் என்று 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது நினைவிருக்கலாம். இந்தப் பகுதி முழுவதும் பௌத்தத்தின் பழைய தடம் கிடக்கிறது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சாமி யாரா இருந்தா என்ன, சாந்தமா இருக்கு" என்றார்.

ஆத்தூர் தாண்டியதும் மகள் கத்தினாள்: "அம்மா, ஸ்நோ!" சாலையோரத்தில் அகலமான களம் ஒன்று வெள்ளை வெளேரென்று வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. அது சேகோ ஆலை. மார்கழி, தை மாதங்கள் குச்சிக்கிழங்கு பிடுங்கும் காலம். மரவள்ளியை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பாலைத் தொட்டியில் தேக்கினால் மாவு அடியில் படியும். அதைக் குலுக்கிக் குலுக்கி மணியாக்கி, வறுத்து, களத்தில் உலர்த்தினால் ஜவ்வரிசி. நாம் பாயசத்தில் போடுவதில் பெரும்பகுதி இந்த வட்டாரத்திலிருந்து வருவதுதான். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கண்ணாடியை இறக்கியதும் புளித்த வாடை குப்பென்று ஏறியது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அத்தை ஆழமாக மூச்சை இழுத்தார். அவருக்கு அது பிறந்த வீட்டு வாசனை.

ஏற்காட்டுக்கு இரண்டு வழி. சேலத்திலிருந்து நேராக ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அயோத்தியாப்பட்டணத்தில் திரும்பினால் குப்பனூர், கொட்டச்சேடு வழி. அதில் கூட்டம் குறைவு, பாதை குறுகல். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் சேலம் பாதையில் மண் சரிந்தபோது மலைக்குக் கை கொடுத்தது இந்தக் குப்பனூர்ப் பாதைதான். ஏறுவதற்கு அதையும் இறங்குவதற்கு மற்றதையும் வைத்துக்கொண்டோம். ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பதை எதிரே வந்த ஒரு ஜீப்காரருக்கு ஹாரனால் நினைவூட்ட வேண்டியிருந்தது.

மேலே ஏறியதும் கண்ணில் படுவது ஏரியல்ல, சிவப்பு. சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில், நிழலில், கொத்துக் கொத்தாகக் காப்பிப் பழம். மரங்களைச் சுற்றி மிளகுக் கொடி, அதில் பச்சைச் சரம். காப்பி பழுப்பதும் பறிப்பதும் ஏறக்குறைய நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. நாம் குளிருக்குப் பயந்து வராமலிருக்கும் மாதங்களில்தான் இந்த மலைக்கு மூச்சு விட நேரமில்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்து நட்டார். பேரிக்காய், ஆப்பிள் என்று எதையெதையோ வைத்துப் பார்த்த மனிதர் அவர். நிலைத்து நின்றது காப்பி.

தங்கிய தோட்டத்தில் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. பழுத்ததை மட்டும், காம்பு முறியாமல், ஒவ்வொன்றாகக் கையால் எடுக்க வேண்டும். ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் இருக்கும். பச்சையைச் சேர்த்துப் பறித்தால் காப்பியின் ருசி கெடும், மேஸ்திரியிடம் பேச்சும் விழும். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு பறித்த பெண்களில் ஒருவர் மகளைக் கூப்பிட்டு, "சாப்பிட்டுப் பாரு பாப்பா, கொட்டையக் கடிச்சிராத" என்று ஒரு பழத்தைத் தந்தார். வாயில் போட்டவள் ஆச்சரியப்பட்டாள். தோலுக்குள் வழவழவென்று தேன் மாதிரி ஓர் இனிப்பு. காப்பி வாசனை துளியும் கிடையாது. உள்ளே தட்டைப் பக்கம் ஒட்டிய இரண்டு விதைகள். பல்பர் இயந்திரத்தில் தோலை நீக்கி, அந்த வழவழப்பு போக ஊறவைத்துக் கழுவி, களத்தில் காயப்போட்டால் வெளிறிய உறையோடு பார்ச்மென்ட். பல்லுக்கட்டையால் ஒருவர் அதைத் திருப்பிக்கொண்டே இருந்தார். வெயில் ஏறுமுன் பனி இறங்கிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "படுதா போட்டு மூடிட்டுக் காத்திருக்கணும். வெயிலு நம்ம கையிலயா இருக்கு?" என்றார்.

பறிக்க வந்தவர்களில் பலர் மலையாளிகள். கேரளத்துக்காரர்கள் அல்லர், மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பழங்குடி மக்கள். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளில் மூத்தவர் வழி இந்தச் சேர்வராயன் மலை, மற்றவர் வழி பச்சைமலையும் கொல்லிமலையும் என்று அவர்களிடம் ஒரு கதை உண்டு. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கென ஒதுக்கிய தொகுதிகள் ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டுமே. சுற்றுலாக் கையேடுகள் லேடீஸ் சீட்டுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியைக்கூட இவர்களுக்குக் கொடுப்பதில்லை.

லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட், பகோடா பாயின்ட் என்று காட்சி முனைகள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றைப் பார்த்தால் போதும் என்பது என் கட்சி. லேடீஸ் சீட்டுக்கு மட்டும் இருட்டிய பிறகு போங்கள். கீழே சேலம் நகரம் விளக்கு விளக்காக விரிந்து கிடக்கும். நாங்கள் போனபோது மேகம் முதலில் மூடியது, ஒரு சுண்டல்காரர் "கொஞ்சம் நில்லுங்க, தொறக்கும்" என்றார், அவர் சொன்னபடியே திறந்தது. அத்தை குரங்குக் குல்லாவுக்குள்ளிருந்து கண் மட்டும் தெரிய, ஆத்தூர் எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருந்தார். காலையில் ஏரி இருப்பதே தெரியவில்லை. மூடுபனி விலகாமல் படகு விட மாட்டார்கள். அதனால் கரையோரக் கடையில் மிளகாய் பஜ்ஜி. நல்ல குளிரில், எரியும் நாக்கோடு, இரண்டாவது தட்டு வாங்காதவர் யாரும் அங்கே இல்லை. ஏரி வழிந்தால் அந்தத் தண்ணீர்தான் கிளியூரில் அருவியாக விழுகிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு போனதால் அருவி முழுதாக இருந்தது. இறங்கும் படிகள் செங்குத்து. அத்தையை மேலேயே உட்காரவைத்தோம். தாவரவியல் ஆய்வுத் துறை 1963-ல் தொடங்கிய ஆர்க்கிட் தோட்டத்தில் பூக்கள் குறைவுதான். மேகாலயத்துக் குடுவைச் செடி பூச்சி பிடிக்கும் வித்தையைக் காட்டி மகளைச் சமாதானப்படுத்தினேன்.

எனக்குத் தனிப்பட்ட காரியம் ஒன்று இருந்தது, ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில். இராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவுச் சின்னம் அங்கே இருக்கிறது. 1863 மே 30-ம் தேதி, பல்லாவரத்தில் ராணுவத் திடலுக்குப் பக்கத்துச் சரளைக் குழியில், கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தவர். இந்தியாவில் மனிதன் எவ்வளவு பழையவன் என்ற கேள்வியே அன்றைக்குத்தான் சரியாகத் தொடங்கியது. என் வீட்டிலிருந்து அந்த இடம் இரண்டு பேருந்து நிறுத்தம். அதைக் கண்டெடுத்தவர் கடைசியில் ஏற்காட்டில் வீடு கட்டிக் குடியேறினார் என்பது பல்லாவரத்துக்காரர்களுக்கே தெரியாது. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியார், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கியவர், 'தினவர்த்தமானி' இதழ் நடத்தியவர். அவர் 1882-ல் காலமானதும் இதே ஏற்காட்டில்தான். ஃபூட் 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார். பல்லாவரத்துக் குன்றும் இந்த மலையும் ஒரே இனப் பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போட்ட கல்லை வைத்து அதற்கு சார்னோக்கைட் என்று பெயர் வந்தது. கல்லும் கல்லைத் தேடியவரும் ஒரே ஊர்களுக்கிடையே அலைந்திருக்கிறார்கள். இதையெல்லாம் நான் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தபோது குடும்பம் வண்டிக்குப் போய்விட்டிருந்தது.

பனிச்சறுக்கு விஷயம் சேர்வராயன் கோயிலில் தீர்ந்தது. 5,326 அடி உயரத்தில், உச்சி என்று சொல்ல முடியாதபடி மட்டமான புல்வெளி. இந்த மலைகளின் தலையில் செம்மண்ணும் பாக்சைட்டும் குல்லா போட்ட மாதிரி படிந்திருக்கின்றன. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு பாக்சைட் போனது இங்கிருந்துதான். கோயில் என்பது ஒரு குகை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சேர்வராயனும் காவேரியம்மனும் அருகருகே. மே மாதத் திருவிழாவுக்கு மலை கிராமங்கள் எல்லாம் இங்கே கூடும். அன்று எங்களைத் தவிர ஒரு பூசாரியும் பேய்க்காற்றும்தான். வெளியே புல் இரவுப் பனியில் நனைந்து சொதசொதவென்று கிடந்தது. ஒரு சின்னச் சரிவில் உள்ளூர்ப் பையன்கள் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டு, அதில் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டிருந்தார்கள். மகள் என்னைப் பார்த்தாள். டிக்கியில் ஆரஞ்சுப் பெட்டி இருந்தது. பழத்தையெல்லாம் பையில் கொட்டிவிட்டுப் பெட்டியைப் பிரித்தோம்.

"முன்னாடி மடக்கிப் பிடிக்கா, இல்லன்னா அட்ட மட்டும் போவும், நீ இங்கயே இருப்ப" என்று ஒரு பையன் பயிற்சி கொடுத்தான். முதல் முறை அவன் சொன்னதுதான் நடந்தது. பிறகு பிடி கிடைத்துவிட்டது. பாவாடை முழுக்கச் செம்மண். அத்தை, "பொட்டப்புள்ள காலக் கைய ஒடச்சுக்கப் போவுது" என்று ஆரம்பித்து, "இன்னும் கொஞ்சம் மேலருந்து வா" என்று முடித்தார். அந்த வீடியோ அன்றிரவே டொராண்டோவுக்குப் போனது. அட்டை வாடகை எவ்வளவு என்று தம்பி கேட்டிருந்தான்.

இறங்கும்போது இரண்டாம் கியர், 20 வளைவுகள், கணவருக்கு எலுமிச்சம்பழம். பாதி வழியில் கீழே சேலத்தை ஒட்டி வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. மகள் இந்த முறை ஏமாறவில்லை, "அதுவும் ஜவ்வரிசியா?" என்றாள். மேக்னசைட், எஃகு உலைகளுக்கு உள்ளே பதிக்கும் செங்கல்லுக்கான வெள்ளைக்கல். வெள்ளைக்காரர்கள் இதைப் பார்த்துச் சுண்ணாம்புக் குன்றுகள் என்று பெயர் வைத்தார்கள். அவர்களும் கண்ணை நம்பித்தான் ஏமாந்தார்கள்.

அடிவாரம் தாண்டி ஊருக்குள் வரும் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கிய ஸ்டூடியோ. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்', தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எல்லாம் இவர்கள் தயாரிப்பு. இன்று வளைவு மட்டும்தான் மிச்சம். அத்தை வண்டியை நிறுத்தச் சொன்னார். அலிபாபாவை ஆத்தூரில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்னார். வெள்ளைத்திரையில் எம்.ஜி.ஆர். சட்டைக்கு நிறம் வந்ததும் கொட்டகையே எழுந்து கத்தியதாம். "அப்புறம் என்ன ஆச்சு பாட்டி?" என்றாள் மகள். "அப்புறம் என்ன, திரும்பி வரப்ப உங்க கொள்ளுத்தாத்தா தட்டுவடை செட் வாங்கித் தந்தாரு" என்றார் அத்தை. இதை அவர் வேண்டுமென்றேதான் சொன்னார். கடை அடுத்த தெருமுனையில் இருந்தது. இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் துருவி வைத்து, பச்சை, சிவப்பு இரண்டு சட்னியும் தடவிக் கொடுத்தார்கள். எலுமிச்சம்பழத்தைக் கையில் பிடித்தபடியே கணவர் மட்டும் மூன்று செட் சாப்பிட்டார்.