சங்கீதம் 113, கடைசி வசனம்

கல்யாணமாகி நாலாவது வருஷம், மாமியார் தன் வேதாகமத்தில் சங்கீதம் 113 உள்ள பக்கத்தில் சிவப்பு ரிப்பனை வைத்து என் தலையணைக்குப் பக்கத்தில் விட்டுப் போனார். அதன் கடைசி வசனத்தில் ஒரு மலடி வருகிறாள். கர்த்தர் அவளைப் பிள்ளைகளுக்குத் தாயாக்குகிறார். "தினம் ராத்திரி வாசிம்மா" என்றார். ஏழு வருஷம் வாசித்தேன். அவர் மகன் வாசிக்கவேண்டி இருக்கவில்லை.

அதே சங்கீதத்தை லத்தீனில், 'லாவுதாத்தே பூயெரி' என்ற பெயரில், தற்செயலாகத்தான் கேட்டேன். இசையமைத்தவர் ஒரு கன்னியாஸ்திரீ, கியாரா மார்கரீத்தா கோட்ஸொலானி. 1602இல் பிறந்தவர், 1620இல் மிலானின் சான்டா ராதெகோண்டா மடத்தில் சேர்ந்தவர். எட்டுக் குரல்களுக்கான அவருடைய சங்கீதத் தொகுப்பு 1650இல் வெனிஸில் அச்சானது.

அந்த மடத்துப் பாட்டுக்கு ஊரில் பெரிய பேர். ஆனால் கோயில் இரண்டு பாகம். நடுவே சுவர், சுவரில் கம்பியடைப்பு. இந்தப் பக்கம் ஊரார், அந்தப் பக்கம் அவர்கள். குரல் கேட்கும், முகம் தெரியாது. உள்ளே ஆண்கள் கிடையாது என்பதால் ஆண்குரலுக்கான கீழ்ப்பகுதிகளையும் பெண்களேதான் ஏதோ வழியில் சமாளித்தார்கள்.

அவர்கள் உள்ளே வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். மிலானின் மேட்டுக்குடித் தகப்பன்மாருக்குக் கல்யாணச் சீதனத்தைவிட மடத்துச் சீதனம் மலிவு. ஒரு மகளுக்குக் கல்யாணம், மற்றவர்களுக்கு மடம். விரும்பிப் போனவர்களும் இருந்திருப்பார்கள்.

இனிப் பிள்ளை இல்லை என்று முடிவாகிவிட்ட அத்தனை பெண்களும் பண்டிகை மாலைகளில் அந்த மலடியைப் பாடினார்கள். எந்த நாளுக்கு எந்தச் சங்கீதம் என்பது திருச்சபையின் விதி, அவர்கள் தேர்ந்துகொண்டதல்ல. எனக்கும் ரிப்பனை வைத்தது வேறொருவர்தானே. அந்த வசனம் முடிந்ததும் பிதாவுக்கும் குமாரனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை. மலடிக்கு என்ன வேண்டியிருந்தது என்று சங்கீதக்காரர் கேட்கவேயில்லை.

பிற்பாடு பேராயர் அல்ஃபோன்ஸோ லித்தா இந்த மடத்து இசையை அடக்கப் பார்த்தார். துதி பாடுகிற வாயிலும் எதைக் கண்டு பயந்தாரோ.

போன மாதம் அடுக்களையில் அதை ஓடவிட்டிருந்தேன். மாமியார் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாரு பாட்டு இது?"

"கன்னியாஸ்திரீ ஒருத்தங்க போட்டது அத்தை. உங்க நூத்திப்பதிமூணுதான்."

"அவங்களுக்கு ஏது பிள்ளை?" என்றார். கை நின்றது. பாட்டு முடியும்வரை கீரையைத் தொடவில்லை.