பதினைந்து அங்குலம் போதும்

ஸ்விஃப்ட் வைத்திருக்கும் ஒரு பையன் கையில் ஐம்பதாயிரம் ரூபாயைக் கொடுத்து, "வண்டியை நல்லா ஓடுற மாதிரி பண்ணிக்கோ" என்று சொல்லிப் பாருங்கள். நேரே அலாய் கடைக்குப் போய்ப் பதினேழு அங்குல ரிம்முக்கு முன்னால் நிற்பான். மாட்டினால் வண்டி எடுப்பாகத்தான் இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் முன்பைவிடக் கொஞ்சம் மந்தமாகக் கிளம்பும். மந்தத்தைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்பதுதான் என் ஆற்றாமை.

என் அண்ணன் மகன் வாங்கியிருப்பது 2011-இல் வந்த மாடல் ஸ்விஃப்ட். பழைய வண்டி, விலை குறைந்த ரகம், பதினான்கு அங்குல இரும்பு ரிம். கோவைக்காரன் என்பதால், செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒருமுறையாவது ஓட்டிவிட வேண்டும் என்று ஆசை. "பதினேழு போட்டா கிரிப் நல்லா வருமில்லீங்களா சித்தப்பா?" என்றான்.

"ரோட்டுல படுறது ரிம்மா, டயரா?" என்றேன். முறைத்தான். பிறகு இருவரும் வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, டயரின் சைடுவாலில் எழுதியிருப்பதைப் படித்தோம்.

165/80 ஆர்14. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் சைடுவாலின் உயரம் என்பது இரண்டாவது எண்: 165-க்கு 80 சதவீதம் 132 மி.மீ. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில், அது 355.6 மி.மீ. மேலே ஒரு 132, கீழே ஒரு 132 சேர்த்தால் முழு விட்டம் 619.6. ஸ்பீடோமீட்டர், கியர் விகிதம், வண்டிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி எல்லாம் இந்த எண்ணை நம்பித்தான் இருக்கின்றன. அவன் கண் வைத்திருந்த 205/45 ஆர்17-க்கும் இதே கணக்கைப் போட்டான், 616.3 வந்தது. வெளிவிட்டம் கிட்டத்தட்ட அதேதான். உள்ளே ரிம் பெருத்து, சைடுவால் 92 மி.மீ.-ஆகச் சுருங்கியிருக்கிறது. காற்று இருந்த இடத்துக்கு உலோகம் வந்திருக்கிறது.

அந்த உலோகம் எங்கே வந்து உட்கார்கிறது என்பதில்தான் வில்லங்கம். இடுப்பில் ஒரு கிலோவைக் கட்டிக்கொண்டு ஓடிவிடலாம். அதையே இரண்டு செருப்பிலும் பிரித்துக் கட்டினால் தெரு முனைக்குள் மூச்சு வாங்கும். சக்கரத்தின் எடையை முன்னே தள்ளினால் மட்டும் போதாது, சுழற்றவும் வேண்டும். மையத்திலிருந்து தள்ளித் தள்ளிப் போகப் போக, சுழற்றும் உழைப்பு கூடிக்கொண்டே போகும். டயரின் வெளி விளிம்பில் இருக்கும் ஒரு கிலோ, கிளம்பும்போது எஞ்சினுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோவாகத் தெரியும். அதைப் பிரேக் பிடித்து நிறுத்துவதும் அதே பாடு. போதாததற்கு, இது ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை. மேடு பள்ளத்தில் ரிம் கனமாகக் குதிக்கக் குதிக்க, டயரைத் தரையோடு பிடித்துவைக்க ஷாக் அப்சார்பர் திணறும். விலை குறைந்த வார்ப்பு அலாயில் பலம் வேண்டுமென்றால் உலோகத்தைக் கொட்டித்தான் ஆக வேண்டும். இலேசாகவும் பலமாகவும் வேண்டுமென்றால் ஃபோர்ஜ் செய்த ரிம், அதன் விலையில் இன்னொரு பழைய ஸ்விஃப்ட்டைப் பற்றி யோசிக்கலாம். கடையில் டிசைனைக் காட்டுவார்கள், வண்ணத்தைக் காட்டுவார்கள். எடையைக் கேட்டால் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். வீட்டில் ஆள் ஏறி நிற்கும் எடை மெஷின் இருந்தால் கூடவே எடுத்துப் போவது உத்தமம்.

பந்தயக் கார் என்றாலே பெரிய ரிம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஃபார்முலா ஒன் கார்கள் 2021 வரை ஓடியது பதிமூன்று அங்குல ரிம்மில். 2022-இல்தான் பதினெட்டுக்கு மாறினார்கள். அப்படி மாறியதும் சக்கரத்தின் எடை கூடியதே ஒழியக் குறையவில்லை.

நம்மூர் விஷயத்துக்கு வருவோம். கரி ஸ்பீட்வேயின் பெயருக்குரிய எஸ். கரிவரதன், மாருதி 800-இன் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கியவர். வெறும் 796 சி.சி. வெளிநாட்டு எஞ்சினுக்குக் காசில்லாத காலத்தில், கிடைத்த பாகங்களை வைத்து எப்படி வேகமாகப் போவது என்று யோசித்த மூளை அது. நரேன் கார்த்திகேயனின் தொடக்கமும் அந்தக் காரில்தான். 1995-இல் விமான விபத்தில் கரிவரதன் இறந்தார். 2003-இல் திறந்த அந்தத் தடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். சுமார் 2.1 கி.மீ. நீளம், அடுத்தடுத்து வளைவுகள். இந்த மாதிரி இடத்தில் எஞ்சினின் பலத்தைவிட, வளைவுக்குள் எவ்வளவு வேகத்தைத் தூக்கிக்கொண்டு நுழைகிறோம் என்பதே நேரத்தைத் தீர்மானிக்கும். அதை முடிவு செய்வது ரப்பர்.

அதனால் நான் சொல்லும் வழி சாதாரணமானது. பிரேக் இடிக்காமல் நுழையக்கூடிய மிகச்சிறிய ரிம் எதுவோ அதை வாங்கு; மிச்சக் காசை டயரில் போடு. அதே ஸ்விஃப்ட்டின் விலை கூடிய ரகத்துக்குக் கம்பெனியே 185/65 ஆர்15 கொடுத்தது. ஆகவே பதினைந்து தாராளமாக உட்காரும். ஆறு அங்குல அகல ரிம்மில் 195/60 ஆர்15 போட்டால் விட்டம் 615. ஸ்பீடோமீட்டருக்கு வித்தியாசமே தெரியாது. 195/55 என்றால் 595.5. விட்டம் நான்கு சதவீதம் குறைவதால் ஒவ்வொரு கியரும் அதே அளவு குட்டையாகி, வண்டி சுறுசுறுப்பாகக் கிளம்பும். கியர்பாக்ஸைத் தொடாமல் கிடைக்கும் இலவசம். பதிலுக்கு வண்டி தரையை நோக்கிப் பன்னிரண்டு மி.மீ. இறங்கிவிடும். தடத்தில் அது லாபம். ஊர் நடுவே ராவோடு ராவாக முளைத்து, வெள்ளைக்கோடும் இல்லாமல் நிற்கும் வேகத்தடைக்கு முன்னால் அதே பன்னிரண்டு மி.மீ. வேறு கதை. தினமும் ஆபீசுக்குப் போகிற வண்டி என்றால் 195/60-தான் என் ஓட்டு. அதில் லோடு எண் 88, அதாவது டயருக்கு 560 கிலோ. 195/55-இல் அது 85, அதாவது 515. பதினான்கு அங்குல டயரில் இருந்ததும் அதே 85-தான். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்லும் அளவுக்குக் கீழே மட்டும் போகக் கூடாது.

அகலம் கூடினால் தரையில் படும் பரப்பும் கூடிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. காற்றழுத்தம் மாறாவிட்டால் பரப்பு பெரிதாக மாறாது. அதன் வடிவம்தான் குறுக்கே நீள்கிறது. வளைவில் அது உதவும், ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கிய சாலையில் உதவாது. பிடிப்பில் பெரிய வித்தியாசத்தைக் கொடுப்பது கம்பவுண்டு, அதாவது ரப்பரின் கலவை. டயர் கடையில் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" கேட்கிறவருக்குத் தகுந்த ரப்பரைத்தான் கடையும் அடுக்கி வைத்திருக்கும்: ஐம்பதாயிரம் கிலோமீட்டர் உழைக்கும் கெட்டியான ரப்பர். பிடிக்கிற டயர் அதில் பாதிகூட ஓடாது என்பதை முதலிலேயே மனம் ஒப்பிவிட வேண்டும். தேதியையும் பார்க்க வேண்டும். ஒரு முட்டைவடிவக் கட்டத்துக்குள் 1422 என்று இருந்தால் 2022-ஆம் ஆண்டின் பதினான்காவது வாரம். என்ன பிராண்டாக இருந்தாலும், வருடக்கணக்கில் கடை வெயிலில் காய்ந்த ரப்பருக்குத் தள்ளுபடி விலையும் அதிகம்.

பையன் கணக்கில் கெட்டி. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய ஹோண்டா சிட்டியின் ரிம் மலிவாகக் கிடைக்கிறது என்று அடுத்த வாரமே வந்து நின்றான். நல்ல யோசனைதான்; இரண்டுக்கும் நான்கு போல்ட்டு, அவை அமைந்த வட்டத்தின் விட்டமும் (பி.சி.டி.) அதே 100 மி.மீ. ஆனால் நடு ஓட்டை சிட்டிக்கு 56.1, ஸ்விஃப்ட்டின் ஹப்புக்கு 54.1. அந்த இரண்டு மி.மீ. இடைவெளியை வளையம் போட்டு அடைக்காவிட்டால், எண்பதைத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பிக்கும். பேலன்சிங் செய்து செய்து ஓய்ந்து போவோம். அதைவிட முக்கியம் நட்டு. ஹோண்டா ரிம்மில் நட்டு உட்காரும் குழி உருண்டையாக இருக்கும். மாருதியின் நட்டு கூம்பு. கூம்பை உருண்டைக் குழியில் முறுக்கினால் இறுகியது போலத்தான் கைக்குத் தெரியும். உள்ளே மெல்லிய ஒரு கோட்டில் மட்டுமே ஒட்டிக்கொண்டிருக்கும், ஓடஓடத் தளரும். உருண்டை முகமுள்ள நட்டாக, ஸ்விஃப்ட்டின் மரைக்குப் பொருந்துவதாகத் தேடி வாங்கச் சொன்னேன். ரிம்மைவிட நட்டுக்குத்தான் அதிகம் அலைந்தான்.

தடத்துக்குப் போகும்போது பையில் ஒரு சாக்பீஸும் காற்றழுத்தமானியும் இருந்தால் போதும். டயரின் தோளில், டிரெட் முடிந்து சைடுவால் தொடங்கும் இடத்தில், குறுக்காக ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்ட வேண்டும். திரும்பி வந்து பார்த்தால் கோடு எதுவரை அழிந்திருக்கிறதோ, வளைவில் டயர் அதுவரை மடங்கியிருக்கிறது. சைடுவாலுக்குள் இறங்கி அழிந்திருந்தால் காற்று குறைவு. டிரெட்டின் ஓரமே தொடாமல் இருந்தால் அதிகம். சூட்டில் அழுத்தம் தானாக ஏறும் என்பதால், வண்டியை நிறுத்திய கையோடு அளக்க வேண்டும். வீட்டுக்குக் கிளம்பும் முன் டயர் ஆறியபின் பழைய அளவுக்கு நிரப்பிக்கொள்ள மறக்கக் கூடாது.

இன்னும் ஒன்று, ஸ்டெப்னி. டிக்கியில் பழைய 165/80 இருக்க, கீழே 195/55 ஓடினால் இரண்டுக்கும் விட்டத்தில் 24 மி.மீ. வித்தியாசம். எஞ்சின் இழுப்பது முன் சக்கரங்களை. முன்னால் ஒரு பக்கம் பெரியது, மறுபக்கம் சிறியது என்று ஓட்டினால், நேர்ச்சாலையிலும் டிஃபரன்ஷியல் ஓயாமல் சுழன்றுகொண்டே இருக்கும், வண்டியும் ஒரு பக்கம் இழுக்கும். முன் டயர் பஞ்சரானால், பின்னால் இருப்பதைக் கழற்றி முன்னால் மாட்டி, ஸ்டெப்னியைப் பின்னால் போட வேண்டும். ஜாக்கை இரண்டு முறை வைக்கச் சோம்பலாக இருப்பவர்கள் 195/60-லேயே இருந்துகொள்ளலாம். அதில் ஐந்து மி.மீ.கூட வித்தியாசமில்லை.