கணையம் இல்லாத வாழ்வும் கந்தசஷ்டி விரதமும்

உடம்பைப் பேணுவது உள்ளே உறையும் இறைவனின் கோயிலைப் பேணுவதற்கு ஒப்பாகும் என்பது சைவப் பெரியோர் காட்டிய நெறி. ஆனால் அக்கோயிலில் ஓயாது ஊழியஞ் செய்யும் உறுப்புகள் பலவற்றை நோய் வரும்வரை எவரும் நினைப்பதில்லை. இரைப்பைக்குப் பின்னால் ஏறக்குறைய ஒரு சாண் நீளத்தில் கிடக்கும் கணையம் அவற்றுள் ஒன்று. இலங்கையில் விஞ்ஞானம் படித்தோர் இதனைச் சதையி என்று அறிவர்.

லண்டனில் வாழும் யாழ்ப்பாணத்து அன்பர் ஒருவருக்கு, 2019 ஆம் ஆண்டில், 61 ஆவது வயதில், இவ்வுறுப்பை முற்றாக அகற்ற வேண்டியதாயிற்று. புற்றுநோயாக மாறக்கூடிய நீர்க்கட்டிகள் அதில் எங்கும் பரவியிருந்தன. மண்ணீரலும் உடன் எடுக்கப்பட்டது. அதனால் கிருமித்தொற்றைத் தடுக்கத் தடுப்பூசிகளும் தேவைப்பட்டன.

கணையத்தின் தொழில் இரண்டு. உணவைச் செரிக்கும் நொதியங்களைக் குடலுக்கு அனுப்புவது ஒன்று. இரத்தத்திலுள்ள சீனியை ஒழுங்குபடுத்துவது மற்றொன்று. சீனி ஏறினால் இன்சுலின் இறக்கும். இறங்கினால் குளூக்ககன் ஏற்றும். 1889 ஆம் ஆண்டில் மின்கோவ்ஸ்கி, வொன் மேரிங் என்னும் இருவர் நாயொன்றின் கணையத்தை அகற்ற, அதற்கு நீரிழிவு கண்டது. 1921 இல் ரொறன்ரோவில் பான்ரிங், பெஸ்ற் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலில் ஏற்றப்பட்டது. அந்த மருந்து கிடைத்திராவிட்டால் கணையமின்றி மனிதர் வாழ்வது நடவாத காரியம்.

ஊசிக்கு அன்பர் விரைவில் பழகிக்கொண்டார். அவர் மனத்தை வருத்தியது குளிசைதான். செரிமானத்துக்காக ஒவ்வோர் உணவோடும் விழுங்க வேண்டிய நொதியக் குளிசை பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. இன்சுலினை 1980களிலிருந்து நுண்ணுயிர்களைக் கொண்டு ஆக்குகிறார்கள்; இக்குளிசைக்கோ அத்தகைய மாற்று வழக்கில் இல்லை. பிறந்தது முதல் மச்சம் தொடாத அவர், வைத்தியர் சொன்ன அளவில் பாதியையே, அதுவும் துணைவியாரின் வற்புறுத்தலுக்காக, எடுத்து வந்தார்.

அதன் பலன் சில வாரங்களில் தெரிந்தது. சொதியின் தேங்காய்ப்பாலும் நெய்யும் செரியாமல் கழிந்தன, உடல் மெலிந்தது. அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. இடியப்பத்துக்கென்று இன்சுலினைப் போட்டுக்கொள்வார். இடியப்பம் உடம்பில் சேராது. சீனி திடீரென வீழ்ந்துவிடும். மீட்டெடுக்கக் குளூக்ககனும் இல்லை. இருமுறை மயங்கி விழுந்தபின் கோயிற் குருக்களிடம் மனம்விட்டுப் பேசினார். உயிர்காக்கும் மருந்தை உணவென்று எண்ணலாகாது, உடம்பு இருந்தாலன்றோ வழிபாடு என்று குருக்கள் ஆறுதல் கூறினார். அன்று முதல் சாப்பாட்டின் தொடக்கத்திலும் இடையிலுமாக முழு அளவையும் எடுத்து வருகிறார்.

அடுத்து வந்தது கந்தசஷ்டி. முப்பது ஆண்டுகளாகப் பாலும் பழமும் மாத்திரம் உண்டு ஆறு நாளும் விரதங் காத்தவர் அவர். இப்பொழுதோ, உண்ணாத நாளிலும் நீண்டநேர இன்சுலினை நிறுத்தலாகாது. நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே மோசம். போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தாலோ சீனி இறங்கிவிடும். வைத்தியர் மறுத்துவிட்டார். முதலாம் ஆண்டு அன்பர் கோயிலுக்கே போகாமல் வீட்டில் இருந்து கண்ணீர் விட்டார். மறு ஆண்டு முதல் வேறு விரதம் பூண்டார். ஆறு நாளும் அளந்து உண்கிறார். மாலைப் பூசையில் கந்தபுராணம் படிக்கிறார். சூரன்போர் முடிந்து மறுநாள் பாறணைக்கு வரும் அடியார்களுக்குத் தம் கையாற் பரிமாறுகிறார். நாவை அடக்குவதிலும் நேரந்தவறாமல் அளந்து உண்பது கடினமான நோன்பு என்பது அவர் அனுபவம்.

அன்பர்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. ஒரு வெள்ளிக்கிழமை அன்னதானத்தின்போது சீனி இறங்கிக் கை நடுங்க, அவர் தோடம்பழச் சாற்றை எடுத்தார். நீரிழிவுக்காரர் இதைக் குடிக்கலாமா என்று அன்புமிக்க ஒருவர் கோப்பையை வாங்கி வைத்துவிட்டார்! இரத்தச் சீனி 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் அந்தச் சாறே மருந்து. குடித்து 15 நிமிடங்களில் மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே 999 ஐ அழைக்க வேண்டும்.

இன்னும் சற்றுச் சாப்பிடுங்கள் என்று மறுபடி அகப்பையைச் சரிப்பது தமிழர் பண்பு. ஆயினும் ஒவ்வொரு மோதகத்துக்கும் ஊசியும் குளிசையும் கணக்குப் பார்க்கும் ஒருவரிடம், போதும் என்றால் போதும் என்று விட்டுவிடுவதே மேலான உபசாரம். அன்னதான மண்டபத்தில் சீனி கலந்த பானம் ஒன்றை எட்டும் இடத்தில் வைத்திருப்பதும் அடியார் தொண்டேயாகும்.